காப்பாற்றியவளுக்கு யார் சாட்சி?

71 நிமிடம் மட்டுமே ஓடும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி எழுதப் போகிறேன். அதில் பாட்டு இல்லை. பின்னணி இசையும் இல்லை. நம் வயதினருக்கு முகம் தெரிந்த நடிகர் ஒருவர்கூட இல்லை. 'தி நேரோ மார்ஜின்' என்பது படத்தின் பெயர். நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. இயக்கியவர் ரிச்சர்ட் பிளெய்ஷர்.

விருப்பப் பாடமாகத் திரைப்படக் கலையை எடுத்திருந்த பருவத்தில், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம் ஒன்றைப் பார்த்து எழுதி வரும்படி விரிவுரையாளர் கூறினார். பட்டியலில் இருந்தவற்றுள் மிகச் சிறிய படம் இதுதான். அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். விடுதி அறையில் மடிக்கணினியில் பார்க்கத் தொடங்கினேன். பக்கத்தில் படுத்திருந்த தோழி பத்தாவது நிமிடத்தில் உறங்கிப்போனாள். எனக்கோ படம் முடிந்த பிறகும் உறக்கம் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்வதற்குக் கதையை முழுமையாகச் சொல்லியாக வேண்டும். முடிவு தெரியாமல் படம் பார்க்க விரும்பும் நண்பர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

சிகாகோ நகரில் குண்டர் கும்பல் தலைவன் ஒருவனின் மனைவி, திருமதி நீல், விதவையாகிறாள். எந்தெந்த அதிகாரிக்கு எவ்வளவு கையூட்டு போனது என்ற பட்டியல் அவள் கையில் இருக்கிறது. அவள் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று, வழக்குத் தொடுக்கலாமா என்று தீர்மானிக்கும் குடிமக்கள் குழுவின் முன் சாட்சி சொல்ல வேண்டும். அவளை ரயிலில் அழைத்து வர பிரவுன், ஃபோர்ப்ஸ் என்ற இரண்டு காவல் அதிகாரிகள் சிகாகோவுக்குப் போகிறார்கள். குண்டனை மணந்தவள் எப்படி இருப்பாள் என்று வழியிலேயே ஐந்து டாலர் பந்தயம் வேறு! மலிவான பகட்டுக்காரியாகத்தான் இருப்பாள் என்பது பிரவுனின் கணிப்பு.

கதவு திறக்கிறது. அவன் கணித்தபடியேதான் இருக்கிறாள். காதைப் பிளக்கும் இசைத்தட்டு, புகையும் சிகரெட், தேள்கொடுக்குப் போன்ற நாக்கு. மேரி வின்சர் என்ற நடிகை அந்த வேடத்தில் வாழ்ந்திருக்கிறார். படியிறங்கும்போது அவளுடைய கழுத்து மாலை அறுந்து, மணிகள் ஒவ்வொன்றாகப் படிகளில் உருண்டு கீழே இருட்டில் பதுங்கியிருப்பவனின் காலடிக்குப் போகின்றன. அடுத்த கணம் துப்பாக்கி வெடிக்கிறது. ஃபோர்ப்ஸ் அங்கேயே இறந்துபோகிறான்.

பிரவுன் அவளை ரயிலில் ஏற்றி, தன் அறைக்கு அடுத்த அறையில் ஒளித்து வைக்கிறான். கூலிக் கொலையாளிகளும் ரயில் ஏறுகிறார்கள். ஆனால் திருமதி நீலின் முகம் அவர்களுக்குத் தெரியாது. படம் முழுவதும் இந்த ஒரு நூலில்தான் தொங்குகிறது. பிரவுன் யாரோடு பேசுகிறான், யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று வேவு பார்க்கிறார்கள். ஒரு சிறுவனோடு பயணம் செய்யும் ஆன் சின்க்ளேர் என்ற அமைதியான பெண்ணோடு அவனுக்குத் தற்செயலாகப் பழக்கம் ஏற்படுகிறது. தன்னால் அந்த அப்பாவிப் பெண்ணுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பிரவுன் பதறுகிறான்.

இனி, பணமில்லாத படம் எப்படி எடுக்கப்பட்டது என்று பார்ப்போம். அக்காலத்தில் ஒரே நுழைவுச்சீட்டில் இரண்டு படம் காட்டுவார்கள். பெரிய படத்தோடு துணைக்குப் போகும் சிறிய படமாகத்தான் ஆர்.கே.ஓ. நிறுவனம் இதை எடுத்தது. படப்பிடிப்பு பதின்மூன்றே நாளில் முடிந்தது. ஓடும் ரயிலைக் காட்ட, ரயில் பெட்டி அரங்கை அமைத்து அதை ஆட்டுவதுதான் வழக்கம். அதற்குச் செலவாகும். ஆகவே பெட்டியை அசையாமல் நிறுத்திவிட்டுப் படக்கருவியை ஆட்டினார்கள்! இசைக்குப் பதிலாகச் சக்கரத்தின் தடதடப்பும் ஊதலும் மட்டுமே கேட்கின்றன. நடைவழி எவ்வளவு குறுகலானது என்றால், பருத்த உடல்கொண்ட பயணி ஒருவர் வந்து நின்றாலே கதை நின்றுவிடுகிறது. கிளந்தானுக்கு ஒருமுறை இரவு ரயிலில் போனபோது, எதிரே வருபவருக்கு வழிவிட நான் உடம்பைத் திருப்பி ஒட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் கொலையாளி எதிரே வந்தால் எங்கே ஓடுவது? கோடிக்கணக்கில் செலவழித்தாலும் இந்த மூச்சுமுட்டலை வாங்க முடியாது. இந்தச் சின்னஞ்சிறு படத்தின் மூலக்கதை ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது என்றால் பாருங்கள்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். கொலையாளிகள் ஒளித்து வைக்கப்பட்ட பெண்ணைக் கண்டுபிடித்துச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அதன் பிறகே உண்மை வெளிப்படுகிறது. இறந்தவள் திருமதி நீல் அல்லள். அவள் சிகாகோ காவல்துறையைச் சேர்ந்த பெண் அதிகாரி. உண்மையான திருமதி நீல், மகனோடு அமைதியாகப் பயணம் செய்துகொண்டிருந்த அந்த ஆன் சின்க்ளேர்தான்! பிரவுன் கையூட்டு வாங்காதவன்தானா என்பதில் மேலிடத்துக்கு ஐயம். அதனால் அவனிடமும் சொல்லவில்லை. கொலையாளிகளைத் தன் பக்கம் இழுப்பது, கூடவே பிரவுனின் நேர்மையை உரசிப் பார்ப்பது என்று அவளுக்கு இரட்டை வேலை. வேடர்கள் மானைப் பிடிக்கப் பழக்கி வைத்திருந்த மானுக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயர். இங்கோ வேடர்களையே தன்னிடம் இழுத்துக்கொண்ட மான் அவள்.

கடைசிக் கொலையாளி உண்மைச் சாட்சியை அறைக்குள் பூட்டி மிரட்டும்போது, பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் ரயிலின் கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்த்துப் பிரவுன் குறிவைக்கிறான். சாட்சி காப்பாற்றப்படுகிறாள். ரயில் லாஸ் ஏஞ்சல்ஸ் சேர்கிறது. படம் முடிகிறது.

அந்தப் பெண் அதிகாரி? நண்பன் ஃபோர்ப்ஸ் இறந்ததற்காகப் பிரவுன் படம் நெடுக மனம் வெதும்புகிறான். வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, தான் யாரென்று சொல்லாமலே செத்துப்போன அவளுக்காக முடிவில் ஒரு துளிக் கண்ணீர் இல்லை. 1990இல் ஜீன் ஹேக்மன் நடிக்க, பெரும் செலவில் இதே படத்தை மீண்டும் எடுத்தார்கள். அதில் அப்படியொரு பெண் அதிகாரி பாத்திரமே இல்லை. முதல் படத்தில் மறந்தார்கள். இரண்டாம் படத்தில் நீக்கியே விட்டார்கள்! அன்றிரவு என்னை உறங்கவிடாதது இதுதான்.

எங்கள் வீட்டிலும் ஒரு சாட்சி இருந்தார். அவர் என் அப்பா.

2018ஆம் ஆண்டு. தமிழ்ப்பள்ளி முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் மலாய்க் கடிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. ஒருநாள் அப்பா ஒரு கடிதத்தை நீட்டினார். "என்னம்மா போட்டிருக்கான்?" நீதிமன்ற அழைப்பாணை. 'சக்சி' என்ற சொல் இருந்தது. சாட்சி என்று நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. இரண்டு மொழிக்கும் அந்தச் சொல் வடமொழியிலிருந்து வந்தது. கண்ணால் கண்டவர் என்று பொருள்.

அப்பா கண்டது இதுதான். முந்தைய ஆண்டு ஒரு விடியற்காலையில், தொழிற்சாலைப் பேருந்தை எடுக்கப் போனபோது, சாப்பாட்டுக் கடை முன்னால் ஓர் இளைஞரை நால்வர் பாராங்கத்தியால் வெட்டினார்கள். அப்பா காவல்துறையிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அழைப்பாணை வந்த வாரத்தில், அறிமுகமில்லாத இருவர் எங்கள் அடுக்குமாடியின் கீழே நின்று, "பஸ் ஓட்டுறவரு வீடு எது?" என்று விசாரித்தார்கள். அன்று முதல் அம்மா கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டார். "நமக்கு எதுக்குங்க இந்த வம்பு? பொம்பளப் புள்ளய வச்சிருக்கோம்" என்று அழுதார். அப்பா அதிகம் பேசுபவர் அல்லர். "பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்றதுக்கு எதுக்குப் பயப்படணும்?" என்றார். ஆனால் அவரும் இரவில் எழுந்து எழுந்து சன்னலைப் பார்த்ததை நான் அறிவேன்.

ஆறாம் மாடியில் ஒரு மாமா இருந்தார். கை முழுக்கப் பச்சை குத்தியிருப்பார். மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கும் வேலை. மாலையில் குடித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சத்தமாகப் பாட்டுக் கேட்பார். முன்பு ஏதோ கும்பலில் இருந்தவர் என்று பேச்சு. அவரைக் கண்டால் அம்மாமார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டியது. மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அப்பா மோட்டார் சைக்கிளைக் கிளப்பியபோது, அவரும் தம்முடைய வண்டியோடு கீழே நின்றார்.

"அண்ணே, நீங்க முன்னால போங்க. நான் பின்னால வர்றேன்."

"ஏன்டா, உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"எனக்கு என்னண்ணே, பொண்டாட்டியா புள்ளையா?"

சன்னலருகே நின்ற எனக்கு இது தெளிவாகக் கேட்டது. வழக்கு இரண்டு முறை தள்ளிப்போனது. அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போனது. மூன்றாம் முறை, குற்றம் சாட்டப்பட்டவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அப்பா சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. அதுவரை ஏழு மாதம், வேலைநாள் ஒவ்வொன்றிலும் அந்த இரண்டாம் வண்டியின் விளக்கு அப்பாவின் பின்னால் போனது. அம்மா நாசி லெமாக் பொட்டலத்தை இரண்டாகக் கட்டத் தொடங்கினார். எண்ணெய்க் காசு என்று அப்பா நீட்டிய பணத்தை மாமா கடைசி வரை வாங்கவில்லை. மறு ஆண்டு வேலை தேடி ஜொகூருக்குப் போனவர், பிறகு திரும்பி வரவில்லை.

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் எண் 696. ஆபத்திலிருக்கும் சாட்சியை வேறிடத்தில் குடியமர்த்தவும் புதிய அடையாளம் கொடுக்கவும்கூட அதில் வழியுண்டு. அமெரிக்காவிலேயே கூட்டரசு அளவில் இத்தகைய ஏற்பாட்டுக்கு வழிசெய்த சட்டம் 1970இல்தான் வந்தது. பிரவுனின் காலத்தில் ஒரு துப்பாக்கியும் பூட்டிய கதவும்தான் பாதுகாப்பு. எங்கள் வீட்டில் அப்படியொரு சட்டம் இருப்பது யாருக்கும் தெரியாது. பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் நானே படித்தேன். நம் அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் இதைத் தெரிந்தவர் எத்தனை பேர்? சட்டம் படிக்கும் நண்பர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நாலு பேருக்கு எடுத்துச் சொன்னால் அதுவே பெரும்பணி.

சிலப்பதிகாரத்தில் மாதரி என்ற இடையர்குலப் பெண் வருகிறாள். கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டு கண்ணகியும் போன பிறகு, அடைக்கலத்தைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் பாய்ந்து உயிர்விடுகிறாள். கண்ணகிக்குக் கோயில் எழுந்தது. மாதரியின் முடிவை, இமயத்துக்குக் கல்லெடுக்கப் போன செங்குட்டுவனிடம் மாடலன் என்னும் மறையவன் சொல்கிறான். அவன் சொல்லியிருக்காவிட்டால் நமக்கும் தெரிந்திருக்காது. காக்கப்பட்டவருக்குக் கதை உண்டு. காத்தவரைப் பற்றி யாராவது ஒருவர் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

நண்பர்களே, அந்தப் படத்தை இரண்டாம் முறையும் பாருங்கள். இந்த முறை அந்தப் பெண்ணை மட்டும் பாருங்கள். அவள் இசைத்தட்டை உரக்க வைப்பதும், பிரவுனைக் குத்திப் பேசுவதும், வேண்டுமென்றே வெறுப்பை வாங்கிக் கட்டிக்கொள்வதும் அத்தனையும் வேலை என்பது அப்போது புரியும். அவளுடைய கதாசிரியர்கள் அவளுக்குக் கொடுக்க மறந்த மரியாதையைப் பார்ப்பவர்களாவது கொடுக்கலாம்.

அப்பாவின் பெயர் வழக்குக் கோப்பில் இருக்கும். ஆறாம் மாடி மாமாவின் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது. அவர் வந்தார், ஏழு மாதம் வந்தார், நான் சன்னலில் நின்று கண்ணால் கண்டேன். அதற்கு நான் சாட்சி.