வாடைக் கடலும் அலைப்பலகையும்

மலர்க் குழுவினர் நம்மிடம் இலக்கியக் கட்டுரையொன்றை எதிர்பார்த்தனர். தமிழாசிரியரிடம் வேறெதனைக் கேட்பர்? ஆயினும் அண்மைக் காலமாக மாணவர் நம்மை வினவுவது இலக்கணத்தையன்று. அலைப்பலகையேறிப் பழகக் கல்லடிக் கடல் ஏற்றதா என்பதையே.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லிவருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், அதனைப் பிழையின்றி ஒப்பித்த மாணவனொருவன் மார்கழி விடுமுறையிற் கடலாடச் சென்று மீளவில்லை. அவன் வீட்டு முற்றத்தில் நின்றபோது, அச்சொல்லுக்கு நாம் அதுவரை கூறிவந்த உரையெல்லாம் வெறுஞ் சொற்களாயின. ஆதலின் இம்மலரிற் கடலைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

அலையேறுதல் புதுமையன்று. கப்டன் குக்குடன் சென்ற ஜேம்ஸ் கிங், ஹவாய்த் தீவினர் பலகைமீது அலையிற் பாய்ந்துவருவதை 1779 இற் கண்டு வியந்தெழுதினார். 2021 இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் விழாவில் அஃது ஒரு போட்டியாகவும் இடம்பெற்றது. உலகோர் அதற்காக நாடிவரும் அறுகங்குடாவோ, 1961 இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை நம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது.

அறுகங்குடாவுக்கும் கல்லடிக்கும் கடல் ஒன்றே, கரை வேறு. சித்திரை முதல் ஐப்பசி தொடங்கும்வரை, தெற்கே நெடுந்தொலைவிற் பிறந்த அலைகள் வரிசை குலையாமல் அங்கு வருகின்றன. கச்சான் காற்றுத் தரையிலிருந்து வீசி அவற்றின் முகத்தைச் செப்பஞ் செய்கிறது. முனையைச் சுற்றி வளையுந்தோறும் அலை வலியிழக்கிறது. வெளிமுனையில் வல்லுநர் ஏறும் பேரலை, உள்ளே 'பேபி பொயின்ற்' என்னுமிடத்தை அடைகையிற் குழந்தைக்கும் இணங்குவதாகிறது. பொத்துவிலுக்கு வடக்கேயுள்ள 'விஸ்கி பொயின்ற்' மணலடி கொண்டது. விழுந்தாலும் முருகைக்கல் கிழிக்காது. கடல் சற்றுக் கொந்தளிக்கும் நாளிற் புதியவன் தேடவேண்டியது இத்தகைய முனைமறைவும் மணற்படுகையுமே.

கல்லடி முதற் கல்முனை வரையுள்ள கரையோ கோடு கிழித்தாற்போல நேரானது. வாடைக்கு மறைப்பாக ஒரு முனையுமில்லை. கார்த்திகை தொடங்கித் தை வரை காற்று நேரே கரையை மோதுகிறது. அலைகள் நெருக்கமாகவும் ஒழுங்கின்றியும் வந்து காலடியிலேயே உடைகின்றன. நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறை வழக்கமாக இந்நாட்களிலேயே விழுகிறது! நாட்காட்டி வகுத்தோர் கரையோரத்துப் பிள்ளைகளை நினைத்ததாகத் தெரியவில்லை.

வெண்ணுரையை அஞ்சுவோர் பலர்; அஞ்சவேண்டியது நுரையில்லா நீரை. இரு திரைகளுக்கு நடுவே கருத்து, ஓய்ந்து கிடக்கும் ஒடுக்கமான வழியே, கரையேறிய நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் பாதை. அதன் விரைவு சிலவேளை நொடிக்கு 2 மீற்றரை எட்டும். எந்த நீச்சல்வீரனும் எதிர்த்து வெல்லான். அகப்பட்டவன் கரையை நோக்கிப் போராடாது, கரைக்கு இணையாக நீந்தி அவ்வோட்டத்தினின்று விலகிப் பின் திரும்பவேண்டும். கரைவலை இழுப்போர் அவ்விடத்தைத் தொலைவிலிருந்தே காட்டுவர். அவர்களைக் கேளாமல் எவனும் இறங்கலாகாது.

வாவியோ அமைதியானது; பலகைமீது படுக்கவும் துடுக்கவும் சமநிலை பழகவும் விடியற்காலத்தில் ஏற்றது. ஆயின் அங்கும் முதலையுண்டு. தோணிக்காரர் 'வேண்டாம்' என்ற இடம் வேண்டாம். வெள்ளத்தில் முகத்துவாரம் வெட்டப்பட்ட நாட்களில் வாவிநீர் கடலுக்குப் பாயும் வேகத்தைக் கண்டோர், பாலமீன்மடுப் பக்கம் பலகை கொண்டுபோகார்.

அப்படியாயின் வாடையிற் பழகவே இயலாதா? இயலும், இங்கன்று. நம் கடல் சீறும் மாதங்களில் தென்கரையின் வெலிகம விரிகுடா, தீவின் மறைவில் அடங்கிக் கிடக்கிறது. அறுகங்குடாவிற் கற்பிப்போர் பலரும் அக்காலத்தில் அங்கே பெயர்ந்துவிடுகின்றனர். பயணச் செலவு தாங்காதவர்க்கு நாம் சொல்வது ஆவணி விடுமுறைவரை பொறுத்திருங்கள் என்பதே.

சென்ற ஆவணியிற் பெற்றோர் ஒப்புதலுடன் மாணவர் சிலரை அறுகங்குடாவுக்கு அழைத்துச்சென்றோம். பயிற்றுவித்த இளைஞர் முதல் அரைமணி நேரம் அவர்களை மணலிலேயே படுத்தெழச் செய்தார். இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று முணுமுணுத்தனர். பின்னர் இடுப்பளவு நீர். அதற்கப்பால் ஒருவனையும் விடவில்லை. நீந்தத் தெரியாத மூவரைப் பலகையையே தொடவிடவில்லை. வாவிக்கரையிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அம்மூவரும்!

இப்பொழுது அவர்கள் சனிதோறும் நகரத்து நீச்சற் தடாகத்துக்குப் போகின்றனர். ஒருவன் போன கிழமை வந்து, 25 மீற்றரை நில்லாமல் நீந்திவிட்டதாகச் சொன்னான். மரபுத்தொடர்ப் பயிற்சி மட்டும் இன்னும் நம் கைக்கு வந்துசேரவில்லை.