செம்பும் நிழலும்

பீனிக்ஸ் நகரத்தில் கோடைகாலத்து நடுப்பகலில் அரை நாழிகை தெருவில் நடந்துவிட்டால், மனிதன் ஆதியில் வீடு கட்டத் தொடங்கியது எதற்காக என்பது ஒருவர் சொல்லாமலே விளங்கிவிடும். 2023-ஆம் ஆண்டில் தொடர்ந்து 31 நாட்கள், அன்றாட உச்ச உஷ்ணம் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காத ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில், வைத்தியம் பயிலும் மாணவர்களும் இயன்முறை மருத்துவம் பயிலும் மாணவர்களும் ஒன்றாக இருந்து படிப்பதற்கென்று 2012-இல் திறக்கப்பட்ட ஆறு மாடிக் கட்டடம் ஒன்றைப் பார்க்க, உறவினர் எவ்வளவோ தடுத்தும் கேளாமல், உச்சிப் பொழுதில் போய் நின்றேன்.

முதலில் கண்ணை இழுப்பது செம்புதான். ஸி.ஓ. ஆர்க்கிடெக்ட்ஸ் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் நிறுவனத்தார், பாலைவனத்து மலைகளில் அடுக்கடுக்காய்த் தெரியும் பாறை மடிப்புகளை மனத்தில் கொண்டு, மடித்த செப்புத் தகடுகள் ஏறத்தாழ 6,000-ஐ வெளிச் சுவரெங்கும் போர்த்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் செம்பு மிகுதியாக வெட்டி எடுக்கப்படுவது அந்த அரிஸோனா மாகாணத்தில்தான் என்பதால், அது வெறும் அலங்காரமாகத் தோன்றவில்லை. வறண்ட காற்றில் எளிதில் பச்சை பூக்காமல், நாளாக ஆகப் பழுப்பேறி மண்ணின் நிறத்தையே அடைந்துவிடுகிறது. என் பாட்டி பார்த்திருந்தால், இத்தனை செம்பையும் துலக்காமல் போட்டிருக்கிறார்களே என்று ஒரு கைப் புளியோடு புறப்பட்டிருப்பாள். வெயில் பட்ட பக்கத்துத் தகட்டில் விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன்.

ஆனால் விஷயம் செம்பில் இல்லை. கிழக்கு மேற்காக நீண்ட இரண்டு பகுதிகளாகக் கட்டடத்தைப் பிளந்து, காலை மாலை வெயிலுக்குக் குறுகிய முனைகளை மட்டும் காட்டி, நடுவே மலையிடுக்குப் போல ஒரு சந்து விட்டு, மேலே வெண்துணிப் பந்தல் இழுத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் யோசனை இருக்கிறது. ஒரு பகுதியின் நிழல் மற்றதன்மேல் விழ, அந்த இடுக்கில் நுழைந்தவுடன் கண் கூசுவது நின்றது; கழுத்து வியர்வை உலர்ந்தது. சீருடையில் இருந்த பெண்ணொருத்தி மடியில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு எலும்புகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே குளிர்சாதன யந்திரம் ஓயவில்லை. அந்த ஊரில் ஓயவும் முடியாது. ஆனால் அதன் பாரத்தில் ஒரு பங்கை, மின்சாரம் கேட்காமலே, நிழல் சுமக்கிறது.

இக்கட்டடத்துக்கு, சுற்றுச்சூழலுக்கு இசைந்த கட்டடங்களுக்குத் தரப்படும் ‘லீட்’ தங்கத் தரச்சான்று கிடைத்திருக்கிறது. சான்றிதழ்களில் எனக்கு அவ்வளவு சிரத்தை இல்லை. இது எழும்புமுன், இதே வளாகத்தில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டடங்களை இடிக்காமல் செப்பனிட்டு, அவற்றிலேயே 2007-இல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கினார்களே, அந்தச் சிக்கனத்துக்கு எந்தத் தங்கமும் ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

படம் பிடிப்பவர்கள் எல்லாரும் சாயங்காலச் செவ்வொளியில் செம்பைத்தான் பிடிக்கிறார்கள். நீங்கள் எப்போதாவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால், தண்ணீரும் குடையுமாக உச்சி வேளையிலேயே போய், அந்தச் சந்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள்; வெயில் தாழ்ந்தபின் போனால் பாதிக் கட்டடத்தைத்தான் பார்ப்பீர்கள்.