மின்கசிவும் மரப்பலகையும்

தமிழ் நாளிதழில் தீ விபத்துச் செய்தி ஒன்று வந்தால் அதன் கடைசி வரியைப் படிக்காமலே சொல்லிவிடலாம்: மின்கசிவே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்திருக்கும். அதே தீயை ஆங்கில நாளிதழ் ஷார்ட் சர்க்யூட் என்று எழுதும். பெங்களூரில் பக்கத்து வீட்டுக்கு வரும் கன்னட நாளிதழும் ஷார்ட் சர்க்யூட் என்றே எழுதும். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் அது மின்னொழுக்கு. கடலின் இருபுறத்திலும் தமிழ் மின்சாரத்தைத் தண்ணீராகவோ எரிவாயுவாகவோ எண்ணி, அது எங்கோ ஒழுகிவிட்டது என்கிறது. குறுக்குச்சுற்று என்னும் கலைச்சொல் இருக்கத்தான் இருக்கிறது. அதைச் செய்தியில் காண்பது அரிது.

ஒரு சொல் மொழிபெயர்ப்பில் சற்று நழுவியதால் என்ன குடி மூழ்கிவிடும் என்று கேட்கலாம். அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில், கார் நுழையாத தெருவொன்றில் உள்ள ஒரு வீட்டில், எதைப் பொருத்துவது, எதை விடுவது என்ற முடிவு ஏறக்குறைய அந்தச் சொல்லையே நம்பி நின்றது.

கீழ்த்தளம் பழையது, அதில் எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர். பின்னாளில் எழுப்பிய மாடியில் அவருடைய மகனின் குடும்பம். தளத்துக்கொரு மீட்டர், மீட்டருக்கொரு ஆர்.ஆர். நம்பர். மாடியில் கீசரும் சமையலறையும் ஒரே 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் இருந்தன. அது தினமும் காலையில் விழுந்தது. கீழே இன்னும் பழைய மரப்பலகையும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும். ‘மேலே விழுகிறதை மாற்றி 32 போட வேண்டும், கீழே கட்டைகளை எடுத்துவிட்டு எம்.சி.பி. போட வேண்டும்’ என்று சொல்லி எலெக்ட்ரீசியனை அழைத்திருந்தார்கள்.

வந்தவர் ஐம்பது வயதுக்காரர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “இது கெட்டுப்போகல சார். வேலை செய்யுது” என்றார்.

கணக்கு எளியது. 3000 வாட் கீசர், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1000 வாட் இஸ்திரிப்பெட்டி. மூன்றும் காலை ஏழரைக்கு ஒன்றாக ஓடின. 6000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 26 ஆம்பியர். எம்.சி.பி.க்குள் இரண்டு காவல்கள் உள்ளன. ஒன்று ஈருலோகப் பட்டை: சுமை கூடினால் அது சூடேறி, மெல்ல வளைந்து, கொக்கியை விடுவிக்கும். மற்றொன்று கம்பிச்சுருள்: பேஸும் நியூட்ரலும் நேரே உரசி, நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் குறுக்குச்சுற்றில், அது காந்தமாகி நொடியின் நூறிலொரு பங்கு அளவில் தொடர்பைத் தட்டிவிடும். சி வகை எம்.சி.பி.யில் இந்தக் காந்தம் எழுவது குறித்த அளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கில். பட்டையோ பொறுமைசாலி. குறித்த அளவுக்கு 1.13 மடங்கில் ஒரு மணி நேரம்வரை அது விழக் கூடாது, 1.45 மடங்கில் அந்த ஒரு மணிக்குள் விழுந்தே ஆக வேண்டும். இந்த வீட்டில் ஓடியது 1.6 மடங்கு. சில நிமிடங்களில் விழுந்ததில் வியப்பில்லை.

அங்கே 32 போட்டிருந்தால் காலை அமைதியாகக் கழிந்திருக்கும். சுவருக்குள் இருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். அதன் பி.வி.சி. உறைக்கு 70 டிகிரி வெப்பமே எல்லை. 26 ஆம்பியர் அதில் நாள்தோறும் ஓடினால் உறை இறுகி, வெடித்து, ஒருநாள் உள்ளே கம்பிகள் தொட்டுக்கொள்ளும். மறுநாள் நாளிதழில் மின்கசிவு என்று வரும். எம்.சி.பி. காப்பது கீசரை அன்று, சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் வயரை. ஆகவே அதன் எண்ணை முடிவு செய்வது வயரின் பருமன். வீட்டாரின் அவசரம் அன்று. ஃபியூஸ் காலத்திலும் இதே பிழை இருந்தது. கம்பி அடிக்கடி போகிறதென்று வயரிலிருந்து இரண்டு செம்பு இழைகளை உருவிக் கட்டையில் முறுக்கிவிடாத வீடு அரிது. 32 என்பது அந்த முறுக்கிய இழையின் புதுச்சட்டை.

எலெக்ட்ரீசியன் 16-ஐ அப்படியே விட்டார். அடுப்புக்கு 4 சதுர மில்லிமீட்டரில் தனி வயர் இழுத்து, தனி 20 ஆம்பியர் எம்.சி.பி. வைத்தார்.

கீழ்த்தளத்தில்தான் வேலை நீண்டது. பீங்கான் கட்டைகளைக் கழற்றும்போது மூதாட்டி அருகில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். பெங்களூருக்குச் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது 1905-இல். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1902-இல், அதே அருவியின் மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டது. நூறாண்டைத் தாண்டிய அந்தப் பழக்கத்தில் பீங்கான் கட்டைதான் வீட்டுக் காவலாக நெடுநாள் இருந்தது. சிறு எம்.சி.பி. ஒன்றும் நேற்றுப் பிறந்ததன்று. ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்து ஹூகோ ஸ்டாட்ஸின் நிறுவனம் 1924-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றது. ஃபியூஸ் இருந்த குழியிலேயே திருகிக்கொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள். முதல் எம்.சி.பி.யே ஒரு மாற்றுப் பொருள்தான்.

“இதைப் போட்டுட்டா மின்கசிவு பயமே இல்லைல்ல?” என்று மூதாட்டி கேட்டார்.

“கசிவுக்கு இது இல்லம்மா. அதுக்கு வேற இருக்கு.”

அவருக்கு அது விளங்கவில்லை. அவர் அறிந்த மின்கசிவு, கடைகளையும் குடோன்களையும் எரிக்கும் பெருந்தீ. அதைத் தடுக்கத்தானே இத்தனை செலவு? பேச்சு வளர்ந்தபோதுதான், பின்கட்டில் இருக்கும் வாஷிங் மெஷினைப் பற்றி அவர் போகிற போக்கில் சொன்னார். ஈரக்கையோடு தொட்டால் சுர்ரென்று ‘பிடிக்கும்’. ஓராண்டாக ஒரு மரப்பலகையைப் போட்டு, அதன்மேல் நின்றுதான் துணி போடுகிறார். அது மின்கசிவு என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் உண்மையில் மின்கசிவு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதற்கு அவரிடம் பெயர் இல்லை. பெயரை நாளிதழ் வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டிருந்தது.

எம்.சி.பி.யின் கண்ணுக்கு இந்தச் சுர் தெரியாது. ஈரத்தில் நிற்கும் உடலின் தடையை 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். உயிர் போக அது தாராளம். ஆனால் மிகச் சிறிய 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கும் அது ஒரு மங்கிய விளக்கின் சுமை. உடலைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒரே வளையத்துக்குள் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் அது வெட்டிவிடும். 16 ஆம்பியரில் அது ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. மறுபுறம், ஆர்.சி.சி.பி.க்குச் சுமை தெரியாது. 60 ஆம்பியர் ஓடினாலும், போனது திரும்பினால் அது வாளாவிருக்கும். இரண்டும் வேண்டும். கசிவினாலும் தீப்பிடிக்கக்கூடும், 300 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதற்கென்றே இருக்கிறது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 30-இன் வேலை உயிர்க்காவல். மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு விதிகள் கசிவுக் காவலை வலியுறுத்தியபோதும், சிறு சுமையுள்ள வீட்டு இணைப்புகளுக்கு விலக்கு அளித்தன. மரப்பலகைகள் இருப்பது பெரும்பாலும் அந்த வீடுகளில்.

ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டது. மாலை ஆறரைக்கு யாரோ படிக்கட்டு விளக்கைப் போட, கீழ்த்தளம் முழுதும் இருண்டது. தூக்கிவிட்டால் மீண்டும் விழுந்தது.

“புதுசே பழுதா அண்ணா?” என்றார் மகன்.

பெரும்பாலான வீடுகளில் ஆர்.சி.சி.பி.யின் ஆயுள் இந்த இடத்தில் முடிகிறது. அடுத்து வருபவர் அதைச் சுற்றி ஒரு வயர் போட்டு நேராக இணைத்துவிடுவார். பெட்டியில் அது அழகுக்கு நிற்கும். இவர் ஏணி கேட்டார். மாடி எழுப்பியபோது படிக்கட்டு விளக்குக்குப் பேஸ் கீழிருந்தும், வசதிக்காக நியூட்ரல் மேலிருந்தும் எடுத்திருந்தார்கள். கீழ் மீட்டர் வழியே போன மின்னோட்டம் மேல் மீட்டர் வழியே திரும்பிக்கொண்டிருந்தது. 9 வாட் எல்.இ.டி. விளக்குதான், ஆனால் அதுவே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். ஆர்.சி.சி.பி. சொன்னது பொய்யில்லை. போனது திரும்பவில்லை. இரண்டு நியூட்ரல்களையும் பிரித்து முடிக்க மறுநாள் மதியம் ஆயிற்று.

பிறகு பின்கட்டு. வாஷிங் மெஷினின் மூன்று துளை பிளக்பாயிண்டைக் கழற்றினால், எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. பச்சை வயரை எர்த் வரை இழுத்து இணைத்துவிட்டு மெஷினைப் போட்டார். போட்ட கணம் ஆர்.சி.சி.பி. விழுந்தது. ஓராண்டாக மூதாட்டியின் உடல்வழியே தரைக்குப் போகக் காத்திருந்த மின்சாரம் இப்போது பச்சை வயர்வழியே போய் மாட்டிக்கொண்டது. மெஷினுக்குள் மோட்டாருக்குப் போகும் வயர் ஒன்றின் உறையை எலி கடித்திருந்தது.

எல்லாம் முடிந்தபின் பெட்டிக்குள் ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுத ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார். ஹால், பின்கட்டு, மோட்டார் எனத் தமிழிலேயே எழுதச் சொன்னார் மூதாட்டி. மூன்று மாதத்துக்கொரு முறை அழுத்திப் பார்க்க வேண்டிய சோதனைப் பொத்தானைக் காட்டி, “இதுக்கு என்னம்மா எழுத?” என்றார்.

“கசிவுன்னு எழுதுப்பா.”

மரப்பலகையை அவர் இன்னும் எடுக்கவில்லை. மாடியில் மகன் இப்போது இரவில்தான் இஸ்திரி போடுகிறார்.