ஒன்பதாம் இலக்கச் சட்டை

உதைபந்தாட்டத்திலே பதினொருவருக்கும் இடமுண்டு. ஆயின், பதினொருவருக்கும் ஒரே அளவான பெயர் கிடைப்பதில்லை. பின்வரிசையில் நின்று எட்டுத் தடவை ஆபத்தைத் தடுத்தவனை ஊர் மறந்துவிடும். கோல் வாயிலில் ஒருமுறை காலை நீட்டியவனை மறவாது. ஆகவேதான், ஒரு கிராமத்து அணிக்கு முன்னணி வீரனைத் தெரிவது விளையாட்டு விடயமாக மாத்திரம் நின்றுவிடுவதில்லை. கோயில் திருவிழாவிலே முதற் காளாஞ்சி யாருக்கு என்ற கேள்வி எத்தகையதோ, ஒன்பதாம் இலக்கச் சட்டை யாருக்கு என்ற கேள்வியும் எமது கிராமங்களில் அத்தகையதே.

2016ஆம் ஆண்டுச் சோளக காலத்தில், பல்கலைக்கழக விடுமுறையில் ஊர் சென்றிருந்த எனக்கு எமது விளையாட்டுக் கழகத்தின் தெரிவுக் குழுவில் இடம் தந்தனர். குழுவில் மூவர்: இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், கழகச் செயலாளர், யான். அங்கு நான் கண்டவற்றையும் அவை என்னுள் எழுப்பிய சிந்தனைகளையும் ஈண்டு எழுத விழைகின்றேன்.

எமது ஊர் இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் ஊர்களுள் ஒன்று. வாய்க்காலோரத்து வயற்காணிகள் குடியேற்றத் திட்டங்களின்கீழ் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்தோரின் வழியினர்க்கு உரியவை. வாய்க்கால் நீர் ஏறாத மேட்டு நிலத்தில், காட்டின் விளிம்பில், மலையகத்திலிருந்து வந்தோரின் குடியிருப்பு அமைந்துள்ளது. அவர்களின் முன்னோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் வெறும் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டவர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது தோட்டத்து லயன்களை விட்டு வன்னிக்கு வந்து சேர்ந்தவர்கள். காட்டை வெட்டி நிலமாக்கியவர்கள் அவர்களே. எனினும், வயலுக்குக் கூலியாட்கள் வேண்டியபோதன்றி மற்றைய வேளைகளில் ஊர் அவர்களை அதிகம் நினைத்ததில்லை.

போர் இவ்விரு பகுதியினரையும் வேறுபாடின்றியே துரத்தியது. 2009ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து முகாம்களில் இரு பகுதியினரும் ஒரே வரிசையில் வாளிகளுடன் தண்ணீருக்கு நின்றனர். அவ்வாண்டின் இறுதி முதல் மீள்குடியேற்றம் படிப்படியாக நிகழ்ந்தது; 2012ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. ஊர் திரும்பியபோது கழகத்தின் கேடயங்கள் இல்லை, பதிவேடு இல்லை, கோல் கம்பங்களும் இல்லை. காட்டுத் தடிகளை நட்டுத்தான் பிள்ளைகள் விளையாடத் தொடங்கினர். எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தொடங்கிய கழகம் பழைய பாகுபாட்டையும் இழந்திருக்கலாம். அதனை மட்டும் எவரும் தொலைத்துவிடவில்லை. முகாமிலே ஒரே வரிசையில் நின்றோர் ஊரில் மறுபடியும் வாய்க்காலுக்கு இப்பால், அப்பால் எனப் பிரிந்தனர்.

அவ்வாண்டு ஒன்பதாம் இலக்கச் சட்டைக்கு உரியவராக இருவர் கருதப்பட்டனர். ஒருவன் வாய்க்காலோரத்துக் கமக்காரர் ஒருவரின் மகன். உயரமானவன், தலையால் அடிப்பதில் அவனுக்கு நிகரானவர் அயற் கிராமங்களிலும் இலர். தந்தையாரே அணிக்குச் சட்டைகள் வாங்கித் தந்தவர். வெளியூர்ப் போட்டிகளுக்கு அணியை ஏற்றிச் செல்வதும் அவருடைய உழவு இயந்திரப் பெட்டியே. மற்றவன் மேட்டுக் குடியிருப்பைச் சேர்ந்தவன். குள்ளமானவன், மேசன் வேலைக்குக் கையாளாகச் செல்பவன். பந்து தன்னிடம் வரும்வரை காத்து நிற்பது அவன் இயல்பன்று. நடுக்களம் வரை இறங்கி வந்து பந்தைப் பெறுவான்; உடனே ஒருவனுக்குக் கொடுப்பான்; கொடுத்த கணமே வேறோரிடத்தில் நிற்பான். செல்வன் திறமையற்றவன், ஏழை திறமைசாலி என்று கதை எழுதுவது எளிது. இங்கோ இருவரும் திறமைசாலிகள். ஆகவேதான் தெரிவு கடினமாயிற்று.

முன்னணி வீரனைத் தனியே எடுத்து மதிப்பிடுதல் பொருந்தாது. அணி எவ்வாறு விளையாடப் போகின்றது என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும். நீண்ட உதைகளால் பந்தை முன்னே அனுப்பும் அணிக்கு உயரமானவன் தேவை. நிலத்தோடு பந்தைக் கடத்தும் அணிக்கு இடம் மாறி நிற்பவன் தேவை. உலக வரலாறும் இதனையே காட்டுகின்றது. ஓவ்சைட் விதிக்குத் தேவையான எதிரணியினரின் தொகை 1925ஆம் ஆண்டில் மூவரிலிருந்து இருவராகக் குறைக்கப்பட்டபோது, இங்கிலாந்தின் ஆர்சனல் அணி தன் நடு வீரரைப் பின்வரிசைக்கு இறக்கியது. ஆட்டத்தின் அமைப்பே மாறிற்று. 1953ஆம் ஆண்டு வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6 - 3 என வென்றபோது, ஒன்பதாம் இலக்கச் சட்டையணிந்த ஹிடெக்குற்றி கோல் வாயிலில் நிற்கவில்லை. பின்னே இறங்கி நின்றார். அவரைப் பின்தொடர்வதா, தம் இடத்திலேயே நிற்பதா என அறியாது இங்கிலாந்தின் காவல் வீரர்கள் தடுமாறினர். அவரோ மூன்று கோல்களைப் போட்டார்.

எமக்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு இந்தியாவினுடையது. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம் பயிற்றுவித்த இந்திய அணி 1956ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தைப் பெற்றது. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், காவல் வீரரான ஜர்னைல் சிங் தலையிற் காயமுற்றுத் தையலிடப்பட்டிருந்தார். ரகீம் அவரை ஒதுக்கவில்லை; முன்னணிக்கு மாற்றினார். அரையிறுதியிலும் இறுதியாட்டத்திலும் ஜர்னைல் கோல் போட்டார். தென்கொரியாவை 2 - 1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. தமிழ்ப் பெற்றோர்க்குச் செகந்திராபாத்தின் அயலிலே பிறந்த துளசிதாஸ் பலராம் அவ்வணியின் முன்னணியினருள் ஒருவர். ஒருவனுடைய இடம் பிறப்பிலேயே எழுதப்பட்டதன்று. அணியின் தேவையும் அவனுடைய ஆற்றலும் சந்திக்குமிடமே அவனுடைய இடம் என்பதை ரகீமின் துணிவு உணர்த்துகின்றது.

இனி எமது மைதானத்தை நோக்குவோம். அது தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடப்பது. ஆவணி மாதத்தில் மண் இறுகிக் கல்லாகிவிடும். பந்து விழுந்தால் ஆளுயரம் எழும். சோளகமோ மைதானத்தின் நீளவாக்கில் வீசும். நீண்ட உதையையே நம்பும் அணி, காற்றோடு ஆடும் பாதியில் பந்தை எல்லைக்கு வெளியே இழக்கும். காற்றை எதிர்த்து ஆடும் பாதியில் உதைத்த பந்தே திரும்பி வரக் காணும். ஆசிரியர் இதனைத் தர்க்கத்தால் நிறுவ முயலவில்லை. மூன்று பயிற்சி ஆட்டங்களை வைத்து, இருவரையும் மாற்றி மாற்றி முன்னே நிறுத்தி, முன்னணிக்குச் சென்ற பந்துகளில் எத்தனை எம்மிடம் நிலைத்தன என்பதை என்னைக் கொண்டு கொப்பியிற் குறிப்பித்தார். குள்ளமானவன் முன்னே நின்றபோது பந்து தரையோடு ஓடியது. காற்று எப்பக்கம் வீசினும் எம்மிடமே பெரும்பாலும் நின்றது.

கொப்பியைப் பார்த்த செயலாளர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எல்லாம் சரி மாஸ்ரர். நாளைக்குப் பெட்டி ஆர் தாறது? அடுத்த வருசம் உடுப்பு ஆர் வாங்கித் தாறது?" என்றார்.

"பெட்டி எங்களைக் கொண்டுபோய் இறக்கும், தம்பி. இறங்கி விளையாடுறது ஆர்?" என்றார் ஆசிரியர்.

செயலாளரின் கேள்வியைச் சிறுமையென்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. வறிய கழகத்தின் கணக்கைச் சுமப்பவர் அவர். ஆயினும் அக்கேள்வியின் அடியிலே சொல்லப்படாத வேறொன்றும் இருந்ததை மூவரும் அறிவோம். மேட்டுக் குடியிருப்பின் பிள்ளை ஒருவன் எமது ஊரின் பெயரை முன்னின்று தாங்கலாமா என்பதே அது. நான் கொப்பியின் பக்கமே நின்றேன். தெரிவு இருவருக்கு ஒருவர் என முடிந்தது.

சிக்கலைத் தீர்த்தவன் உயரமானவனே. மறுநாள் மைதானத்தில் அவன் ஆசிரியரிடம் வந்து, "நான் பின்னுக்கு நிக்கிறன் மாஸ்ரர். எதிர்ப்பக்கம் உயர்த்தி அடிக்கிற பந்தையெல்லாம் நான் பாக்கிறன். அவன் முன்னுக்கு நிண்டால் எனக்கும் பந்து குடுக்க ஒரு ஆள் இருக்கு" என்றான். ரகீம் பின்னவரை முன்னே கொணர்ந்தார். எம்முடைய வீரன் தானே முன்னிருந்து பின்னே சென்றான். தந்தையாரின் முகம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அவ்வார்த்தைகள் எளிதாய் வந்திருக்கமாட்டா.

ஆயின், தெரிவென்பது பெயரை எழுதுவதோடு முடிவதன்று. பயிற்சி பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்குவது வழக்கம். மேசன் வேலை முடிய ஐந்து மணியாகும். முன்னரே புறப்பட்டால் அன்றைய கூலி குறையும். அவனுடைய கூலியில் வாழ்வது ஒரு குடும்பம். ஆகவே பயிற்சி ஐந்தரை மணிக்கு மாற்றப்பட்டது. கூலி வேலைக்குச் செல்லும் வேறு சில பிள்ளைகளும் அதன் பின்னரே மைதானத்துக்கு வந்தனர். அவர்களுக்கு விளையாட விருப்பமில்லை என்றே அதுவரை ஊர் சொல்லிவந்தது. விருப்பமின்மையன்று, மணிக்கூடே அவர்களைத் தடுத்திருந்தது.

பெட்டி அவ்வாண்டு வரவில்லை. பிரதேச மட்டப் போட்டிகளுக்குச் சைக்கிள்களில் இருவர் இருவராகச் சென்றோம். இரண்டு ஆட்டங்களில் வென்று மூன்றாவதில் தோற்றோம். வென்றிருந்தால் இக்கட்டுரை இன்னும் இனிமையாக இருந்திருக்கும். எனினும், அம்மூன்றாம் ஆட்டத்தைக் காண வாய்க்காலுக்கு அப்பாலிருந்து பெண்களும் முதியோரும் முதன்முறையாக வந்திருந்தனர். தம் பிள்ளையின் பெயரை எல்லோரும் கூவியழைப்பதை அவர்கள் கேட்டனர்.

ஒரு கழகம் வாய்க்காலை இடம் பெயர்த்துவிடாது. மேட்டு நிலத்துக்கு நீர் வரவும், குடியிருக்கும் காணிக்கு உறுதி கிடைக்கவும் வேறு கைகள் உழைக்க வேண்டும். ஆயினும், அணியைத் தெரிவோர் தம் அளவிற் செய்யத்தக்க கடமைகள் இரண்டு உண்டு. பந்து காலில் இல்லாத வேளையில் வீரன் எங்கே நிற்கின்றான் என்பதைப் பார்த்தல் ஒன்று. பயிற்சிக்கு வராதவன் ஏன் வரவில்லை என்பதை வினவுதல் மற்றொன்று. முதலாவதைப் பயிற்றுவிப்பு நூல்கள் கற்பிக்கும். இரண்டாவதை அறிய, மாலை வேளையில் வாய்க்காலைக் கடந்து சென்று, வேலை முடிந்து வருபவர்களோடு சிறிது நேரம் பேசியிருத்தல் வேண்டும்.