சட்டை உரித்த கிருமி

காலையில் நலமுற்றிருந்தோர் மாலையில் மாய்ந்தனர் என்று வாந்திபேதியைப் பற்றி நம் முன்னோர் கூறக் கேட்டிருக்கின்றோம். அந்நோயின் புதியதோர் உரு முதன்முதற் காணப்பட்டது நம் சென்னை நகரிலேயே என்பதைப் பலர் அறியார்.

1992-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னையில் வாந்திபேதி பரவிற்று. நோயாளரிடமிருந்து எடுத்த கிருமியை ஆராய்ந்தோர் வியப்புற்றனர். காலராக் கிருமிகளை அவற்றின் மேலுறையின் இயல்பு பற்றி வகைப்படுத்தி எண்ணிடுதல் வழக்கம். அதுகாறும் அறியப்பட்ட வகைகள் 138. அவற்றுள் முதலெண் பெற்ற ஒன்றே கொள்ளைநோயாய்ப் பரவ வல்லது என்பது அறிஞர் துணிபு. புதிதாய் அகப்பட்டதோ அவற்றுள் எதனோடும் பொருந்தவில்லை. ஆகவே 139 என்னும் எண் பெற்றது. வங்காள விரிகுடாக் கரையோரமாய்க் காணப்பட்டமையின் ‘பெங்கால்’ என்றும் அதனை வழங்கினர். சில திங்களுள் அது கல்கத்தாவை அடைந்தது; 1993-இன் தொடக்கத்தில் வங்காளதேசத்தில் ஓரிலட்சத்திற்கு மேற்பட்டோரைப் பற்றிற்று.

அது முற்றும் புதியதோர் உயிர் அன்று. பழைய கிருமியே தன் மேலுறையை மாற்றிக்கொண்டு வந்தது எனப் பின்னர்த் தெளிந்தனர். நம் உடல், ஒருமுறை கண்ட பகைவனை அவனது உடையைக் கொண்டே அடையாளம் காண்கின்றது. ஆதலின் பழைய காலராவினின்று காப்புப் பெற்றிருந்த வளர்ந்தோரும் இதற்கு இரையாயினர். பாம்பு சட்டையை உரிப்பினும் நஞ்சை உரிப்பதில்லை. 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் அறிஞர் கண்டு காட்டிய நஞ்சே புதிய கிருமியினிடத்தும் இருந்தது.

மாறாதது மற்றொன்றும் உண்டு. அஃது அக்கிருமி வரும் வழி. அம்பத்தூரில் வாழும் எனக்கு அவ்வழி நாள்தோறும் கண்முன் தோன்றுகின்றது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவை ஏரிகளைச் சார்ந்து வளர்ந்த ஊர்கள். வயல்கள் இருந்த இடத்தில் இன்று வீடுகள் நெருங்கியுள்ளன. குடிநீர்க் குழாயும் கழிவுநீரும் அடுத்தடுத்துச் செல்லும் சந்துகள் உண்டு. குழாயில் நீர் நிரம்பி ஓடுங்கால் அதன் அழுத்தம் அழுக்கை அணுகவொட்டாது; நீர் நின்றபின்போ விரிசல் வழியே அழுக்கு உட்புகும்.

சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை மழைக்குப் பின் எங்கள் தெருவில் நான்கைந்து வீடுகளில் பேதி கண்டது. அண்டை வீட்டுச் சிறுவன் கண் குழிந்து, நா வறண்டு கிடந்தான். “தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்” என்று அவன் பாட்டியார் நீரையே நிறுத்தியிருந்தார். காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கரைத்து, “பாட்டி, சிறிது சிறிதாகக் கொடுங்கள்” என்று வேண்டினேன். மருத்துவரிடம் சேரும் வரையில் வழிநெடுக அவர் ஊட்டிவந்தார். சிறுவன் பிழைத்தான். அது காலரா அன்று. ஆயினும் பேதி எதுவாயினும் உயிரைப் பருகுவது நீர்க்குறைவே.

குடற்சுவரினூடே சர்க்கரை உப்பைத் தன்னுடன் அழைத்துச் செல்லும். அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்லும். 1971-இல் போங்காவ் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் இத்தகைய நீரை ஊட்டச் செய்தபோது, நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று. கிருமி எச்சட்டை அணிந்து வரினும் இம்மருந்து பயன்படும்.

139-ஆம் வகை சில ஆண்டுகளில் தணிந்தது. பழைய வகை மீண்டும் தலையெடுத்தது. நாளை எவ்வுறையுடன் வருமோ, அறியோம். வரும் வாயில் மட்டும் நன்கு அறிந்ததே. உடைந்த குழாயைக் கண்ட அன்றே உரியோர்க்கு அறிவித்தலும், நீரைக் காய்ச்சிப் பருகுதலும், கைகழுவுதலும் அவ்வாயிலுக்கு இடும் தாழ்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் இவ்வுப்புச் சர்க்கரை நீரின் அளவை ஒரு வீட்டிலேனும் சொல்லி வருவாராயின், நாம் கற்ற கல்வி ஒரு குழந்தையின் உயிராய் நிற்கும்.