கணக்கில் வராத ஐந்து பேர்

சமூகவியல் முதுகலையில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலைந்து பேர், ஞாயிறு இரவு பத்தரைக்கு மேல் போனில் பேசிக்கொண்டே டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ஆட்டம் பார்க்கிறோம். அமெரிக்கக் கால்பந்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது, எறிவது, முட்டி மோதுவது. முதலில் தலைகால் புரியவில்லை. புரிந்த பிறகு எங்கள் கண் பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர்மேல் போனது.

ஆஃபென்சிவ் லைன் என்பார்கள். நடுவில் சென்டர், இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணி அமுக்கிவிடாமல் தடுப்பதும், ஓடுகிறவருக்கு வழி திறப்பதும் இவர்கள் வேலை. முன்னால் எறியும் பந்தைப் பிடிக்க வழக்கமாக இவர்களுக்கு விதியே அனுமதி தராது. ஓடியவருக்கும் எறிந்தவருக்கும் யார்டு கணக்கு உண்டு. இவர்கள் எண் மைக்கில் வருவது பெரும்பாலும் தப்பு செய்து கொடி விழும்போதுதான். நமக்குத் தெரியாத கதையா இது, தோழர்களே!

2008இல் 16 ஆட்டங்களிலும் தோற்ற அணி லயன்ஸ். 2021இல் மேலாளர் பிராட் ஹோம்ஸும் பயிற்சியாளர் டான் கேம்பலும் புதிதாக வந்தபோது, முதல் தேர்வாக, ஒட்டுமொத்தத்தில் 7ஆவதாக, எடுத்தது பெனே சூவெல் என்ற 20 வயது டேக்கிளை. இடப்பக்கம் ஆடிப் பழகிய பையனை வலப்பக்கம் நிறுத்தினார்கள். பயிற்சி ஆட்டங்களில் தடுமாறினார். முதல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு மூத்தவர் டெய்லர் டெக்கருக்கு விரலில் காயம். பையன் மறுபடி இடப்பக்கம். டெக்கர் திரும்பியதும் மறுபடி வலப்பக்கம். அந்த ஆண்டு முதல் 11 ஆட்டங்களில் ஒரு வெற்றி கூட இல்லை. ஆனாலும் அவரை உட்கார வைக்கவில்லை. இளைஞர்களுக்கு வாய்ப்பு தருகிறோம் என்று மேடையில் சொல்லிவிட்டு, முதல் தவறிலேயே மைக்கைப் பிடுங்கும் அமைப்புகளில் இருந்து வந்தவர்கள் நாங்கள். அதனால்தான் இந்தப் பொறுமை எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

2022 டிசம்பரில் மின்னசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கட்டம். 7 யார்டு தேவை. சூவெல் நடுவரிடம் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போய், பந்தைப் பிடித்து 9 யார்டு எடுத்தார். நள்ளிரவு தாண்டி நாங்கள் போட்ட கூச்சலில் ஒருவர் வீட்டில் குழந்தை எழுந்துவிட்டது. 2023 பருவத்தில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு பிளேஆஃப் வெற்றி.

சூவெல் பிறந்தது அமெரிக்க சமோவாவில். 2020 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்தைத் தொடாத தீவுக்கூட்டம் அது. அங்கே பிறப்பவர்கள் சட்டப்படி அமெரிக்க ‘தேசத்தவர்’. பிறப்பால் குடிமக்கள் அல்லர். இதை எதிர்த்த வழக்கை 2022இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. குடியுரிமை வந்தால் தங்கள் பொதுநில வழக்கம் போய்விடும் என்று சமோவா அரசே அந்த வழக்கை எதிர்த்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாக்குரிமை தராத நாடு அங்கிருந்து தோள்களை மட்டும் வாங்கிக்கொள்கிறது என்று எங்களில் ஒருவர் சொன்னார். 2024இல் சூவெலுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 11.2 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்ததே என்றார் இன்னொருவர். இரண்டுமே உண்மை.

எங்களை அதிகம் உலுக்கியது சென்டர் ஃப்ராங்க் ராக்னோ. 2020இல் தொண்டையில் முறிவு ஏற்பட்ட நிலையில் ஆடி முடித்தவர். சென்டர்தான் குரல் கொடுத்து லைனை ஒழுங்குபடுத்த வேண்டியவர். பிறகு கால்விரல் காயத்தோடு பல ஆண்டுகள் ஆடினார். 2025 ஜூனில் 29 வயதில் ஓய்வு. அப்போது நாங்கள் கைதட்டிய பொறுமைக்கு விலை யார் உடம்பில் வசூலாகிறது என்று அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தோம்.

அதற்குச் சில வாரங்கள் முன்பே டேட் ராட்லெட்ஜ் என்ற இளம் கார்டை எடுத்திருந்தார்கள். லைனை மறுபடி கட்டத் தொடங்கியாயிற்று. “இந்தப் பையன் காலுக்கு எத்தனை வருஷம்?” என்று போனில் ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆட்டத்தை மட்டும் விடாமல் பார்க்கிறோம்.