தண்ணீரோடு சேர்ந்து இறங்கி வாருங்கள்



பொங்கல் லீவுக்கு ஊருக்கு வருவதாகப் பலர் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். கூடவே பலரும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "டீச்சர், அருவியை விட்டா அம்பாசமுத்திரத்துல பிள்ளைங்களுக்குக் காட்ட வேற என்ன இருக்கு?" எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத முடியாது என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் பொறுமையாக உட்கார்ந்தவர்கள்தானே, இதையும் படித்துவிடுங்கள்.

தண்ணீர் போகிற வழியே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதுதான் என் பதில்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷம் ஒருமுறை வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போவேன், ஞாபகம் இருக்கிறதா? "இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று கேட்டால், "மடையில இருந்து டீச்சர்" என்று ஒருவன் தவறாமல் சொல்வான். எல்லோரும் சிரிப்பீர்கள். இன்றைக்கு உங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் "குழாயில இருந்து" என்பார்கள். அதனால் மேலேயிருந்தே தொடங்குவோம்.

முதலில் அகஸ்தியர் அருவி. பாபநாசம் சோதனைச் சாவடியில் வனத்துறையினர் பையைப் பார்ப்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள். அதற்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்குள்ள சோலைக்காடும் புல்வெளியும் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகின்றன. மழை நின்ற பிறகும் அருவியில் தண்ணீர் விழுவது அதனால்தான். பிள்ளைகள் குளிக்கட்டும். சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்து பாபநாசம் கோயில் படித்துறை. படியில் உட்கார்ந்தால் மீன் வந்து காலைத் தொடும், பிள்ளைகளுக்கு அது போதும். ஆனால் அங்கே இன்னொன்றையும் காட்டுங்கள். பரிகாரம் என்று சொல்லி, உடுத்தி வந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக அள்ளினாலும் தீர்வதில்லை.

அந்தத் துணி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பா மகன் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் பயிர் வைக்கிறான். போன கார் பருவத்தில் நான்கு நாளாக வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. மண்வெட்டியோடு வாய்க்காலில் நடந்து பார்த்தால், மடை வாயில் இரண்டு சேலை, ஒரு வேட்டி, பிள்ளைகளுக்குக் கட்டுகிற டயப்பர், பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. கையால் இழுத்துப் போட்டுவிட்டு வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தான். "எக்கா, மேல யாரோ பாவத்தைக் கழுவுதாவ. கீழ என் பயிருல்லா காயுது. இந்தப் பிசானத்தோட விட்டுரலாம்னு இருக்கேன்" என்றான். நான் காபி போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன சொல்ல?

மூன்றாவதாக, யாருமே பார்க்கப் போகாத இடம், நம் வாய்க்கால். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றில் ஏழு, ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே நம்மவர்கள் கட்டியவை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று பெயர்களைச் சொல்லிக் காட்டுங்கள். நதியுண்ணி என்றால் நதியை உண்பது. எவ்வளவு அழகான பெயர்! கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதையும் உண்டு. ஒரு பசு முன்னால் நடக்க, அது போன வழியே வாய்க்கால் வெட்டினார்களாம், அது படுத்த இடத்தில் குளம் வெட்டினார்களாம். கதை எப்படியோ இருக்கட்டும். மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை, நிலத்தின் சரிவை மட்டும் நம்பித் தண்ணீரை இத்தனை தூரம் கொண்டுபோயிருக்கிறார்களே, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தை மாதம் கரையில் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பிசானப் பயிர், எதிரே பொதிகை. இதற்கு டிக்கெட் கிடையாது. படித்துறை பாசி வழுக்கும், சிறு பிள்ளைகளின் கையை மட்டும் விடாதீர்கள்.

நான்காவது, திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற ஊர். ஆற்றங்கரை மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். 2005-இல் அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். பரப்பு 2.84 ஹெக்டேர்தான், நம் ஊர்த் தோப்பு ஒன்று அளவுக்கு. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் உள்ள பழைய ஓவியங்களையும் மரச் சிற்பங்களையும் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

நேரம் இருந்தால் மணிமுத்தாறு அணை. காமராஜர் ஆட்சிக் காலத்தில் கட்டியது. அந்த அணைத் தண்ணீர் கால்வாய் வழியே போய்ச் சேருகிற குளங்களில் ஒன்று, நாங்குநேரி பக்கம் உள்ள கூந்தன்குளம். 1994 முதல் பறவைகள் சரணாலயம். இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற பட்டைத்தலை வாத்து அங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது. நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு வைக்கும். அவை பயப்படக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. உங்கள் பிள்ளைகள் அங்கே நின்று யோசிக்கட்டும். நம் மலையில் பெய்த மழை குளமாக நிற்காவிட்டால், இமயத்தைத் தாண்டி வந்த பறவை எங்கே இறங்கும்?

2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம். அந்தச் சமயம் ஊரில் இருந்தால் அனுப்பிவையுங்கள்.

இந்த இடங்களை ஐந்து "ஸ்பாட்" என்று எண்ணாதீர்கள். எல்லாம் ஒரே மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர். மேலே ஒருவர் போடுவது கீழே ஒருவர் வயலில் வந்து நிற்கும். அருவியில் கூட்டம் தாங்கவில்லை. வாய்க்காலிலோ ஆளே இல்லை. ஆள் போகாத கரையில்தான் குப்பை கொட்டுகிறார்கள். முன்பெல்லாம் விடியற்காலையில் நம் படித்துறையில் துணி துவைக்க இடம் பிடிக்க வேண்டும். இப்போது நான்கு பேர் வருகிறோம், நால்வருமே அறுபதைத் தாண்டியவர்கள். எங்களுக்குப் பிறகு அந்தப் படியில் யார் இறங்குவார்கள் என்பதுதான் என் கவலை.

ஆகவே ஒரு நாள், ஒரே ஒரு நாள், பிள்ளைகளோடு வாய்க்காலில் குளியுங்கள். என் தம்பியின் வயல்வரை நடந்து வாருங்கள். நாலு பிள்ளைகள் வரப்பில் நின்று "மாமா, இது என்ன பயிர்?" என்று கேட்டால் அவன் மனசு மாறினாலும் மாறும்.

பொங்கல் முடிகிறவரை காலை ஆறு மணிக்கு நான் படித்துறையில்தான் இருப்பேன். வருகிறவர்கள் ஒரு காலிச் சாக்குப் பை கொண்டு வாருங்கள், கரையில் கிடப்பதைப் பேசிக்கொண்டே பொறுக்கிவிடலாம். குளித்த பிறகு எல்லோருக்கும் என் வீட்டில் இட்லி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்